கல்லறை இல்லாதவருக்குக் கல்லறைத் திருநாளில் எங்கே மெழுகுவர்த்தி ஏற்றுவது?

நெய்தல்கரை
22 அக்டோபர் 2024, இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

எனக்குக் கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பக்கம். நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை எட்டு ஊரும் ஒட்டி ஒட்டிக் கிடக்கும். எந்தத் துறை என்று சொன்னால் எந்த வீடு என்று தெரிந்துவிடும், அதனால் விட்டுவிடுகிறேன். அப்பா ஆழ்கடலுக்குச் சுறா பிடிக்கப் போகிறவர். படகு கொச்சி தோப்பும்படியில் கிடக்கும். போனால் ஒரு மாதம், சில சமயம் அதற்கும் மேலே. 2017 நவம்பரில் பதினோரு பேரோடு போனார். 29 இரவு தொடங்கி 30 முழுக்க ஒக்கி புயல் அடித்தது. எச்சரிக்கை வந்தபோது அவர்கள் எட்டாத தூரத்தில் இருந்தார்கள்.

அப்புறம் நடந்ததைப் பலர் செய்தியில் பார்த்திருப்பீர்கள். டிசம்பர் 7-ம் தேதி எங்கள் ஊர்க்காரர்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது நானும் உட்கார்ந்திருந்தேன். லட்சத்தீவில் கரையேறியவர்கள், மகாராஷ்டிரா, குஜராத் பக்கம் ஒதுங்கியவர்கள் என்று ஒவ்வொரு பட்டியலாக வரும். அம்மா எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். ஒவ்வொரு பெயராக விரல் வைத்துக் கடைசி வரை போவார். முடிந்ததும் மறுபடி மேலிருந்து தொடங்குவார். திருவனந்தபுரத்தில் அடையாளம் தெரியாத உடல்களுக்கு டிஎன்ஏ பார்த்தார்கள். நான் ரத்தம் கொடுத்தேன். எதனோடும் பொருந்தவில்லை என்று சொன்ன அன்று அம்மா ஆறுதலாக மூச்சு விட்டதை என் கண்ணால் பார்த்தேன்.

அரசு 20 லட்சம் தந்தது. அதற்கு ஒரு தாளில் கையெழுத்துப் போடவேண்டும். போட்டுவிட்டு வந்து இரண்டு நாள் அம்மா சாப்பிடவில்லை. "நானே அவரைக் கொன்னுட்டேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். இன்றுவரை தாலியைக் கழற்றவில்லை. அப்பா போட்டோ சுவரில் இருக்கிறது, மாலை கிடையாது.

இந்த நவம்பர் 30 வந்தால் ஏழு வருடம். அன்று அந்திரேயா திருநாள், மீனவராக இருந்த அப்போஸ்தலர். அதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

என் பிரச்சினை இரண்டு. ஒன்று, நவம்பர் 2 கல்லறைத் திருநாள். ஊரே கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். எங்களுக்கு ஏற்ற இடமில்லை. அம்மா அன்று கதவைச் சாத்திவிட்டு உள்ளேயே இருப்பார். இந்த வருடமாவது அழைத்துப் போகலாமா? வற்புறுத்தினால் பாவமா?

இரண்டாவது என்னைப் பற்றி. ஞாயிறு பூசை விட்டதில்லை. ஆனால் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" சொல்லும்போது, "உமது திருவுளம் விண்ணுலகில் நிறைவேறுவது போல மண்ணுலகிலும் நிறைவேறுக" என்று வரும் வரியில் என் வாய் மூடிக்கொள்கிறது. ஏழு வருடமாக அந்த ஒரு வரியை நான் சொன்னதில்லை. அது தாண்டி "எங்கள் அன்றாட உணவை" என்கிற இடத்தில் சேர்ந்துகொள்வேன். பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொல்லவில்லை. இப்படி இருக்கிறவனை விசுவாசி என்று சொல்லலாமா?


விசுவாசக்குரல்
22 அக்டோபர் 2024, இரவு 11:15

பிரதர், உங்களுக்காகப் பாரப்படுகிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். வாயின் அறிக்கையில் வல்லமை இருக்கிறது. அந்த வரியைச் சொல்லாமல் விடுவது சத்துருவுக்கு நாமே இடம் கொடுப்பது. வலித்தாலும் சொல்லுங்கள், சொல்லச் சொல்ல விடுதலை வரும். யோபு அத்தனையும் இழந்த அன்றே "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்றான். மரித்தவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு, இப்போது அதைப் பேசவில்லை. தேவன் அனுமதியாமல் ஒன்றும் நடக்காது. காரணம் இருக்கும், ஒருநாள் விளங்கும்.


பாளை தமிழம்மா
23 அக்டோபர் 2024, காலை 6:05

தம்பி, ராத்திரியே வாசித்துவிட்டேன். உடனே எழுத முடியவில்லை. நான் சி.எஸ்.ஐ. சபை, பாளையங்கோட்டை. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள்.

விசுவாசக்குரல் தம்பி சொன்ன யோபு வசனம் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. அதற்கப்புறம் நாற்பத்தொரு அதிகாரம் இருக்கிறது தம்பி. மூன்றாம் அதிகாரத்திலேயே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். காரணம் சொல்ல வந்த மூன்று சிநேகிதர்களும் கடவுள் பக்கம் நின்றுதான் வாதாடினார்கள். கடைசியில் கர்த்தருக்குக் கோபம் வந்தது அவர்கள் மேல். என் தாசனாகிய யோபைப்போல் நீங்கள் என்னைப்பற்றி நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார். கத்தியவனை விட்டுவிட்டு, சமாதானம் சொன்னவர்களைக் கண்டிக்கிறார். அந்த மூவரும் செய்த ஒரே நல்ல காரியம், வந்தவுடன் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் தரையில் அவரோடு உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது.

என் கதையையும் சொல்கிறேன். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை. என் வீட்டுக்காரருக்கு மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "பத்திரமா வை, உடைஞ்சிராம" என்றார். நான் அவரை உயிரோடு பார்த்தது அதோடு சரி. ஆறாம் நாள் போன் வந்தது. அடக்கத்துக்கு நாலு பேருக்குமேல் கூடாது. உடலைப் பையில் கட்டியிருந்தார்கள். முகத்தைக் காட்டவில்லை. உள்ளே இருந்தது அவர்தானா என்று இன்றைக்கும் சில ராத்திரி எனக்குச் சந்தேகம் வரும். எங்கள் சபைப் போதகர் பத்தடி தள்ளி நின்று ஜெபம் பண்ணினார், முகக்கவசத்துக்குள்ளிருந்து வார்த்தை வெளியே வரவில்லை. எனக்குக் கல்லறை இருக்கிறது, உங்களுக்கு இல்லை. அதனால் எனக்கு எல்லாம் புரியும் என்று சொல்லமாட்டேன்.

கோயில் திறந்த பிறகு போனேன். நான் பாடகர் குழுவில் இருபத்தாறு வருடம் இருந்தவள். பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தால் எழுத்து தெரிகிறது, சத்தம் வரவில்லை. குழுவை விட்டு விலகிப் பின்னால் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் பூ விற்கிற அம்மா ஒருத்தி, அவளுக்கு ராகம் நிற்காது. அவள் தன் புத்தகத்தை என் மடியில் பாதி வைத்து, எனக்குக் கேட்கிற மாதிரி பாடுவாள். ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. எட்டு மாதம் அப்படியே போயிற்று. அந்த எட்டு மாதமும் நான் ஆராதனை செய்தேன் என்றுதான் நினைக்கிறேன், அவள் வாயால்.

திமிர்வாதக்காரனைக் கூரையைப் பிரித்து இறக்கின நாலு பேரை நினைத்துப் பாருங்கள் தம்பி. இயேசு *அவர்கள்* விசுவாசத்தைக் கண்டு என்றுதான் மாற்கு எழுதுகிறார். படுத்திருந்தவன் ஒன்றும் சொன்னதாக அங்கே எழுதியிருக்கவில்லை.


நாகைக்காரன்
23 அக்டோபர் 2024, மதியம் 1:30

நான் இப்போது கோயிலுக்குப் போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரையும் ஏமாற்ற விருப்பமில்லை.

சுனாமி வந்தபோது எனக்குப் பதினேழு வயது. 2004 டிசம்பர் 26, ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணியில் கூட்டம் நெரிந்தது. காலைப் பூசை முடிந்து கடற்கரைக்குப் போனவர்கள், குளித்துக்கொண்டிருந்தவர்கள், கரையோரம் கடை போட்டிருந்தவர்கள். என் சித்தி அங்கே சங்கும் சிப்பி மாலையும் விற்றுக்கொண்டிருந்தார். சித்தியும் இரண்டு பிள்ளைகளும் போனார்கள்.

கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை. அதை எல்லாரும் அற்புதம் என்று சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. உள்ளே இருந்து பிழைத்தவர்களுக்கு அது அற்புதம்தான். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சித்தியின் கடை ஞாபகம் வரும். கோயில் வாசலுக்கும் அந்தக் கடைக்கும் எத்தனை அடி இருக்கும்? அந்த அடிகளுக்குள் மாதாவின் அன்பு தீர்ந்துபோயிற்றா? இதை ஒரு பெரியவரிடம் கேட்டேன். உன் சித்தி அன்றைக்குப் பூசைக்குப் போனாளா என்று திருப்பிக் கேட்டார். அன்றோடு விட்டேன்.

நெய்தல்கரை, உங்களுக்கு நான் எந்த யோசனையும் சொல்லப்போவதில்லை. ஒரு வரியைச் சொல்லாமல் ஏழு வருடம் போய்க்கொண்டே இருக்கிறீர்கள் பாருங்கள், அது என்னால் முடியவில்லை. ஏன் உங்களால் முடிகிறது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.


நெய்தல்கரை
23 அக்டோபர் 2024, இரவு 9:20

டீச்சர், பூ விற்கிற அம்மாவைப் பற்றி எழுதியதை மூன்று தடவை வாசித்தேன்.

நாகைக்காரன் அண்ணே, ஏன் போகிறேன் என்று இன்று முழுக்க யோசித்தேன். பெரிய காரணம் எதுவும் கிடைக்கவில்லை. அப்பா கடலுக்குப் போகாத ஞாயிறுகளில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு இடது பக்கம் மூன்றாவது தூண் ஓரமாக நிற்பார். உட்காரமாட்டார். நானும் அங்கேதான் போய் நிற்கிறேன். தூணில் ஆள் சாய்ந்து சாய்ந்து ஒரு இடத்தில் பெயின்ட் தேய்ந்திருக்கிறது. அப்பாவுடைய தோள் உயரம். எத்தனையோ பேர் அங்கே சாய்ந்திருப்பார்கள், அவர் மட்டும் தேய்த்ததில்லை என்று தெரியும். இருந்தாலும் அங்கே போய்த்தான் நிற்கிறேன்.

சித்திக்காகவும் பிள்ளைகளுக்காகவும் வருந்துகிறேன் அண்ணே. அந்தப் பெரியவர் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.


மட்டுநகர் பிள்ளை
24 அக்டோபர் 2024, காலை 8:12

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், எங்கட சீயோன் தேவாலயம், அதோடு ஹோட்டல்கள். ஒரே காலையில் குண்டுவெடிப்புகளில் 250 பேருக்கு மேல் செத்தார்கள். சீயோனில் ஞாயிறு பாடசாலை முடித்து வெளியே நின்ற பிள்ளைகள் நிறையப் பேர்.

எங்கட குடும்பத்தில் ஒரு பிள்ளை. வயது சொல்ல மனம் வரவில்லை.

தம்பி, எங்களுக்கும் உங்களுக்கும் ஒரு வித்தியாசம். உங்களுக்குக் காற்று, எங்களுக்கு மனிசன். கடலோடு கோபித்து என்ன செய்ய? ஆனால் மனிசன் செய்ததை மன்னிக்க வேணும் என்று அடுத்த கிழமையே ஆட்கள் கதைக்கத் தொடங்கினார்கள். ரீவிக்காரர் மைக்கை நீட்டி "மன்னித்துவிட்டீர்களா" என்று கேட்டார்கள். மன்னித்தோம் என்று சொன்ன ஆட்களும் இருக்கினம். அவர்களை நான் மதிக்கிறேன். அது அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கிருபை. எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. எனக்கும் ஒரு வரி இருக்கிறது. "எங்களுக்கு எதிராகக் குற்றம் செய்வோரை நாங்கள் மன்னிப்பது போல." அதில் நான் நிறுத்துவேன். நீங்கள் எழுதியதை வாசித்தபோது, இந்த ஒரே செபத்துக்குள் எத்தனை பேர் எத்தனை இடத்தில் வாய் மூடி நிற்கிறோமோ என்று நினைத்தேன்.

எங்கட அம்மம்மா யுத்தம் முழுக்கக் கண்டவ, பிறகு சுனாமியும் கண்டவ. அவ சொன்னா, "உனக்கு மன்னிக்க ஏலாதெண்டால், மன்னிக்க ஏலாது எண்டே அவரிட்டச் சொல்லு. சும்மா இருக்காத." அதைத்தான் இப்போது செய்கிறேன். அந்த வரியில் நின்று, "ஏலாது ஆண்டவரே" என்று மனதுக்குள் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறேன்.


பழைய உபதேசியார்
24 அக்டோபர் 2024, மாலை 5:50

மக்களே, எனக்கு எழுபத்தாறு வயசு. பேத்தி தட்டச்சு செய்து தருகிறாள். கோட்டாறு மறைமாவட்டத்தில் கடற்கரைப் பங்குகளில் உபதேசியாராக இருந்தவன். சுனாமிக்கு மறுநாள் கொளச்சலில் நின்றேன். நூற்றுக்கணக்கான பேரை ஒரே குழியில் அடக்கினோம். யார் எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. இருபது வருடமாக டிசம்பர் 26 அன்று அந்த இடத்துக்கு ஊர்வலமாக வந்து பூசை வைக்கிறார்கள், எந்தப் பக்கம் தன் பிள்ளை கிடக்கிறான் என்று தெரியாமலேதான் பூப்போடுகிறார்கள். ஒரு தாய் மட்டும் வருடா வருடம் ஒரே மூலையில் வைப்பாள். அங்கேதானா என்று ஒருநாள் கேட்டேன். "தெரியாது உபதேசியாரே, ஆனா எங்கயாவது வைக்கணும்லா" என்றாள்.

முதல் கேள்விக்கு வருகிறேன். கல்லறைத் தோட்டத்தின் நடுவே பெரிய சிலுவை ஒன்று நிற்கும். கடலிலும் வெளிநாட்டிலும் போனவர்களுக்கு, கல்லறை இல்லாதவர்களுக்கு, அதன் காலடியில் திரி ஏற்றுவது நம் பக்கத்து வழக்கம்தான். ஆனால் அம்மாவை இழுத்துக்கொண்டு போகாதே. அவளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதும் அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதும் ஒன்றாகத் தெரிகிறது. நீ போ. நீ போய் ஏற்று. அவள் கதவைச் சாத்தினால் சாத்தட்டும்.

இன்னொன்று செய்யலாம். பூசைக்கு எழுதிக் கொடுக்கும்போது "இறந்தவருக்காக" என்று எழுதவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. பெயரை மட்டும் எழுது. அவர் எங்கே இருந்தாலும் அந்தப் பூசை அவருக்குச் சேரும். பங்குச் சாமியாரிடம் தனியாகச் சொல், புரிந்துகொள்வார். இப்படி ஒரு பெயரை நான் பங்கு நோட்டில் பதினெட்டு வருடம் எழுதியிருக்கிறேன்.

இரண்டாவது கேள்வி. அந்த வரியை ஆண்டவரே எங்கே சொன்னார் என்று பார். சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தின இரவு, கெத்செமனித் தோட்டத்தில். போனவுடன் சொல்லவில்லை. முதலில் இந்தக் கிண்ணம் என்னைவிட்டு அகலட்டும் என்று கேட்டார். முகங்குப்புற விழுந்து கேட்டார். எழுந்துபோய்ச் சீடர்களைப் பார்த்தார், தூங்குகிறார்கள். திரும்பி வந்தார். மறுபடி போனார். மூன்று தடவை என்று மத்தேயு கணக்குச் சொல்கிறார். தேவகுமாரனுக்கே மூன்று நடை ஆயிற்று. உனக்கு ஏழு வருடம் ஆனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். சொல். பாவம் என்பதற்காகச் சொல்லச் சொல்லவில்லை. இத்தனை நாள் நீ தனியாகச் சுமந்தது போதும் என்பதற்காகச் சொல்கிறேன்.


பாளை தமிழம்மா
24 அக்டோபர் 2024, இரவு 8:30

உபதேசியார் ஐயா எழுதியதோடு ஒரு இலக்கணக் குறிப்பு சேர்க்கிறேன். வாத்தியார் புத்தி போகாது, மன்னியுங்கள்.

"நிறைவேறுக" என்பது வியங்கோள் வினைமுற்று. வாழ்க, வருக என்பதுபோல. நடந்து முடிந்ததைச் சொல்ல வியங்கோளை யாரும் பயன்படுத்துவதில்லை. இனி நடக்கவேண்டியதைத்தான் அப்படிக் கேட்போம். விண்ணுலகில் நிறைவேறுகிறது, மண்ணுலகிலும் நிறைவேறுக என்றால் என்ன பொருள்? இங்கே இன்னும் நிறைவேறாமல் கிடக்கிறது என்றுதானே? எச்சரிக்கை நேரத்துக்குப் போய்ச் சேராததும், தேடப் போகத் தாமதமானதும் திருவுளம் என்று ஒத்துக்கொள்ள அந்த வரி உங்களைக் கேட்கவில்லை தம்பி. இப்படி நடந்திருக்கக் கூடாது, உம் விருப்பம் இங்கேயும் நடக்கட்டும் என்று மன்றாடுகிற வரி அது. நான் அதை அப்படித்தான் வாசிக்கிறேன். ஐயா தவறென்றால் திருத்துங்கள். அதனால் நாளைக்கே சொல்லிவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. வரும்போது வரட்டும்.

கல்லறையைப் பற்றி இன்னொன்று. எங்கள் ஜில்லாவில் டோனாவூர் இருக்கிறது. அங்கே பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் அடக்கம்பண்ணப்பட்டிருக்கிறார். 1931-ல் விழுந்து அடிபட்டவர், 1951-ல் இறக்கும்வரை இருபது வருடம் பெரும்பாலும் படுக்கையிலேயே கழித்தார். தனக்குக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி மட்டும் இருக்கிறது, அதில் பிள்ளைகள் அவரை அழைத்த பெயர் மட்டும். வருடக் கணக்கு ஒன்றும் கிடையாது. என் வீட்டுக்காரர் போன பிறகு தங்கை என்னை அங்கே அழைத்துப் போனாள். ஒரு மைனா வந்து குடித்துவிட்டுப் போயிற்று. நாங்கள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அன்றைக்குத்தான் வெகுநாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டேன்.


விசுவாசக்குரல்
25 அக்டோபர் 2024, அதிகாலை 2:10

தூக்கம் வரவில்லை. பிரதர், நான் முதல்நாள் எழுதியதை எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும். அதற்கு டீச்சரம்மா பதில் சொல்லியிருக்கிறார்கள், அது போய்விடக் கூடாது.

என் மகளுக்கு ரத்தப் புற்றுநோய். ஒன்பது மாதமாகச் சிகிச்சை. வீட்டில் "சுகம் பெற்றாயிற்று" என்றுதான் எல்லாரும் அறிக்கை செய்கிறோம். யாரும் வேறு வார்த்தை பேசக் கூடாது என்று நான்தான் கட்டளை போட்டிருக்கிறேன். என் மனைவி போன வாரம் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள், எனக்குக் கேட்கக் கூடாது என்று. எனக்குக் கேட்டது. நான் வெளியே நின்று ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் கர்த்தரை விடமாட்டேன். சுகம் தருவார் என்றும் விசுவாசிக்கிறேன். ஆனால் நேற்று இரவு அவளை உட்காரவைத்து, எனக்குப் பயமாக இருக்கிறது என்று முதல் தடவையாகச் சொன்னேன். இரண்டு பேரும் அழுதோம். பிள்ளை எழுந்துவிடப் போகிறாள் என்று சத்தமில்லாமல் அழுதோம். லாசருவின் கல்லறையில் இயேசு கண்ணீர் விட்டார் என்பதை எத்தனை தடவை பிரசங்கித்திருக்கிறேன். எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே அழுதார் என்பது அப்போதுதான் உறைத்தது.

எங்களுக்காக ஜெபியுங்கள்.


நாகைக்காரன்
25 அக்டோபர் 2024, காலை 7:00

விசுவாசக்குரல் அண்ணே, நான் ஜெபிக்கிறவன் இல்லை. சிகிச்சை எந்த ஊரில்? ரத்தமோ தட்டணுக்களோ வேண்டியிருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள். என்னுடையது ஓ பாசிட்டிவ். சென்னை என்றால் ராத்திரி பஸ் ஏறினால் காலையில் வந்துவிடுவேன்.


மட்டுநகர் பிள்ளை
25 அக்டோபர் 2024, காலை 9:45

அண்ணை, மகளுக்காக இன்றைக்கே எங்கட செபக்குழுவில் சொல்கிறேன். பெயர் வேண்டாம், ஒரு பிள்ளை என்று சொன்னால் போதும்.


நெய்தல்கரை
3 நவம்பர் 2024, இரவு 10:15

நேற்று என்ன ஆயிற்று என்று டீச்சர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார்கள். எல்லாருக்குமாக இங்கேயே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலமே அம்மாவிடம் சொன்னேன். "நான் நாளைக்குப் பெரிய குருசுக்குப் போறேன். நீங்க வரவேண்டாம்." அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மீன் கழுவிக்கொண்டிருந்தார், கழுவிக்கொண்டே இருந்தார்.

நேற்று நாலு மணிக்குக் கிளம்பினேன். பார்த்தால் அம்மாவும் சேலை மாற்றிக்கொண்டு படியில் நிற்கிறார். கையில் ஒரு பை. கூப்பிடவும் இல்லை, கேட்கவும் இல்லை. பின்னாலேயே வந்தார். தோட்ட வாசல்வரை வந்துவிட்டு உள்ளே வர முடியவில்லை. வாசல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பக்கத்து வீட்டு ஆத்தா ஒருத்தி, அவர்கள் வீட்டில் இரண்டு பேர் அதே புயலில் போனவர்கள், தன் வீட்டுக் கல்லறையை விட்டுவிட்டு வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் அதே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். இருட்டும்வரை இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். நான் சிலுவைக்குக் கீழே திரி ஏற்றினேன். கடல்காற்று மூன்று தடவை அணைத்தது. நாலாவது தடவை ஒரு பையன் சிரட்டையைக் கவிழ்த்து மறைப்பு வைத்துக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பையைப் பார்த்தேன். அப்பாவுடைய வெள்ளைச் சட்டை. தேய்த்து மடித்து வைத்திருந்தது. கேட்டதற்கு, "வந்தா மாத்திக்கிடட்டும்னு" என்றார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இன்று ஞாயிறு. வழக்கமாக அம்மா பெண்கள் பக்கம் முன்னால் போய்விடுவார். இன்று என்னோடு தூண் பக்கம் வந்து தரையில் உட்கார்ந்தார். கர்த்தர் கற்பித்த செபம் வந்தது. அந்த வரி வந்ததும் வழக்கம்போல நான் நிறுத்தினேன். நிறுத்தினதும் பக்கத்தில் அமைதியாக இருந்தது. குனிந்து பார்த்தேன். அம்மாவின் வாயும் மூடியிருந்தது. ஏழு வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம், எனக்குத் தெரியவே தெரியாது. எங்களுக்குப் பின்னால் திவ்விய நற்கருணைக்குத் தயாராகிற சின்னப் பிள்ளைகள் வரிசை. புதிதாகப் படித்தவர்கள் அல்லவா, அந்த வரியைத் தொண்டை கிழியச் சொன்னார்கள். டீச்சரின் பூக்கார அம்மா ஞாபகம் வந்தது.

"அன்றாட உணவை" என்கிற இடத்தில் அம்மாவும் நானும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டோம்.

பூசை முடிந்து அம்மாவே சாமியார் அறைக்குப் போய் 30-ம் தேதிக்கு எழுதிக் கொடுத்தார். எழுத்துக் கூட்டி அவரே எழுதினார். பெயர் மட்டும்.


பாளை தமிழம்மா
3 நவம்பர் 2024, இரவு 10:50

30-ம் தேதி பூசை எத்தனை மணிக்குத் தம்பி? பாளையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால் வந்து சேர முடியுமா?


நெய்தல்கரை
3 நவம்பர் 2024, இரவு 10:58

காலை ஆறரை டீச்சர். முதல் பஸ்ஸில் வந்தாலும் எட்டாது. முந்தின நாள் சாயங்காலமே வந்துவிடுங்கள். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உங்களுக்கு எந்த மீன் பிடிக்கும் என்று கேட்கச் சொன்னார்.